வழிகாட்டியை விசாரித்தீர்களா?

பெண்ணுக்கு வரன் வந்தால் கரோல்பாகில் தொடங்கி கும்பகோணம் வரை ஆள் விட்டு விசாரிக்கிறோம். அதே பெண் பிஎச்.டி. சேரப் போகிறாள் என்றால், "எந்த யூனிவர்சிடி?" என்ற ஒரே கேள்வியோடு திருப்தி அடைந்துவிடுகிறோம்.

வாசலில் உள்ள பெயர்ப்பலகையோடு யாரும் ஐந்தாறு வருடம் குடித்தனம் நடத்துவதில்லை. நடத்த வேண்டியது வழிகாட்டியோடு. ஆகவே விண்ணப்பத்துக்கு முன்னால் ஆளைத் தேட வேண்டும் என்பது என் கட்சி. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்குத்தான் வழிகாட்டலாம். இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. ஓய்வு பெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. நாம் விரும்புகிறவரிடம் இடமே இல்லாமல் போகலாம்.

அவருடைய கட்டுரைகள் இரண்டு மூன்றையாவது படித்துவிட்டு, எதை ஆராய ஆசை, ஏன் அவரிடம் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதட்டும். "எந்தத் தலைப்பானாலும் சம்மதம்" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்புவதால் பயனில்லை. பிறகு அவரிடம் இப்போது படிப்பவர்களைப் பார்க்க வேண்டும். அறையில் அல்ல, காண்டீனில். எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், எழுதிக் கொடுத்த அத்தியாயம் திரும்பி வர எத்தனை மாதம், வீட்டு வேலை ஏவுவாரா? ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாம் தெரிந்துவிடும்.

நுழைவுக்கு, ஜூன் 2024 முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணே பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு நெட்டுக்கு 70, நேர்முகத்துக்கு 30 சதவீதம். அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. உதவித்தொகை இல்லாமல் சேருவதை, வீட்டில் வசதி இருந்தாலொழிய, நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முப்பது வயதுப் பிள்ளை பஸ் காசுக்கு அப்பாவிடம் கை நீட்டுவது இருவருக்குமே கஷ்டம்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். "கல்யாணம் ஆகிற வரைக்கும் படிக்கட்டும்" என்று பிஎச்.டி.யை ரயில்வே வெயிட்டிங் ரூமாக நினைக்கும் பெற்றோர் நம்மில் இன்னமும் உண்டு. விதிகள் நம்மைவிடத் தாராளமானவை. உச்சவரம்பான 6 வருடத்தைத் தாண்டி நீட்டிப்பு பெறுவதில் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடச் சலுகை. 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு. திருமணமாகி வேறு ஊர் போனால், சில நிபந்தனைகளோடு, ஆய்வுத் தரவுகளை அங்குள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி. ஆனால் புது ஊரில் அதே துறையில், இடம் காலியாக உள்ள வழிகாட்டியை எந்த விதியும் தேடித் தராது. மண்டபமும் நகையும் பேசுகிற அன்றே, ஆய்வேட்டைக் கொடுக்கும் வரை பெண் தில்லியில்தான் இருப்பாள் என்பதையும் பிள்ளை வீட்டாரிடம் பேசிவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காத வரன்களும் இருக்கும். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அது தெரியட்டும்.