கம்மாலையும் வெடிமருந்தும் ஒன்றல்ல



வீட்டில் வாணவெடி செய்து பழகுவதையும் கம்மாலையில் கருவி செய்து பழகுவதையும் 'கைத்தொழில்' என்று ஒன்றாக்கிப் புகழ்வது சரியில்லை. களுதாவளை வெற்றிலைத் தோட்டத்துக்கு அடித்த கத்தி கோணினால் மறுபடி உலையில் வைக்கலாம். வெடிமருந்தில் பிழை திருத்த இரண்டாம் தடவை கிடையாது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை வெறும் உராய்விலேயே வெடிக்கும். அதனால்தான் இந்தியா 1992இல் அதைத் தடைசெய்தது. அனுபவம் காக்கும் என்பார்கள். ஆனால் 2016 ஏப்ரல் 10இல் கேரளத்துப் புற்றிங்கல் கோயிலில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட வாணவேடிக்கையை நடத்தியவர்கள் அத்தொழிலில் ஊறியவர்களே.

பட்டாசுக்குப் பெயர்போன கிம்புலாபிட்டியில் குடும்பமாகவே பட்டாசு செய்கிறார்களே என்று கேட்கலாம். இலங்கையின் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி உற்பத்திக்கு உரிமம் வேண்டும்; அப்படியிருந்தும் அங்கே விபத்துகள் நடந்துள்ளன. யானைத் தொல்லைக்கு வெடி தேவை என்ற வாதம் இதைவிட வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் பூசணிக்குள் ஒளித்துவைக்கும் 'ஹக்க பட்டாசு' பன்றிக்கென்று வைத்தாலும் கடித்த யானைக்குட்டியின் தாடையைப் பிளக்கிறது. வாய் புண்ணாகி, தின்ன முடியாமல் அது பட்டினியில் சாகிறது. வனஜீவராசிகள் திணைக்களம் யானையை விரட்டும் 'யானை வெடி'யைத் தட்டுப்பாடின்றி விவசாயிகளுக்குக் கொடுக்கட்டும். செய்து பார்க்கும் ஆசையுள்ள பிள்ளைகளுக்கு எங்கள் மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகம் உலையும் பட்டறையும் உள்ள பொதுக்கூடம் ஒன்றை அமைத்துத் தரலாம்.

வாசகர்,
களுதாவளை