முதலில் ஒயரைப் பாருங்கள்

சர்வோ மோட்டார் ஓடத் தொடங்கியதும் பக்கத்துச் சென்சாரின் அளவு தாறுமாறாக ஆடினால், பலரும் உடனே புரோகிராமைத் திறந்து பத்து ரீடிங் எடுத்துச் சராசரி போடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆர்டுயினோ உனோவின் 10 பிட் ஏ.டி.சி., தன் 5 வோல்ட் சப்ளையையே அளவுகோலாக வைத்து அதை 1024 படிகளாகப் பிரிக்கிறது. அதே சப்ளையில் தொங்கும் சர்வோ கிளம்பும்போது கரண்டை இழுக்க, வோல்டேஜ் 4.8-க்கு இறங்கினால் அளவுகோலே சுருங்கிவிடும். சென்சார் தரும் 3 வோல்ட் மாறவேயில்லை. ஆனால் 614 என்று வரவேண்டியது 640 என்று வருகிறது. பிழை ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது சராசரி என்ன செய்யும்? மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் ஒரே இடத்தில் சேர்த்தால் பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

தொழிற்சாலை டிரைவ்களில் கதை இன்னும் கடுமை. நொடிக்குப் பல ஆயிரம் முறை ஆன், ஆஃப் ஆகும் மோட்டார் கேபிளோடு சென்சார் ஒயரை ஒரே டிரேயில் படுக்கவைத்துவிட்டு, சென்சார் சரியில்லை என்று கழற்றி வீசுகிறார்கள். பாவம், அது நல்ல சென்சார். முறுக்கிய ஜோடி ஒயர், அதன்மேல் ஷீல்டு, மோட்டார் கேபிளிலிருந்து இடைவெளி, கடந்தே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகக் கடப்பது: இவையெல்லாம் பெரிய செலவில்லாத வேலைகள். தூரம் அதிகமென்றால் 0–10 வோல்ட்டை விட்டு 4–20 மில்லியாம்ப் சென்சாருக்கு மாறுங்கள். கல்லூரி ஆய்வகங்களில் ஃபில்டர் கணக்குக்கு முன்னால், மாணவர் கையில் ஆஸிலோஸ்கோப் புரோபைக் கொடுத்து இந்த ஒயரிங்கைச் சொல்லித்தர வேண்டும்.