குடும்பமும் தொழிலும்: ஜீப்புக்கு எத்தனை அங்குலம் வேண்டும்?



சீட்டுப் பணம், பிள்ளைகளின் மேற்படிப்பு, ஊரில் வீடு கட்டுதல் முதலியவை பற்றியே இப்பகுதியில் நாம் எழுதி வருவது வழக்கம். இத்திங்கள் ஒரு ஜீப்பைப் பற்றி எழுத நேர்ந்தது. "இதற்குக் குடும்பப் பகுதிதானா இடம்?" என்று சிலர் வினவலாம். போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் இப்பால் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பு எரிவது ஜீப் ஓடுவதனால்தான். நெம்மாறையினின்று போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதிக்கு ஏறிப் பிழைக்கும் நம்மவர் சிலருக்கும் அதுவே நிலை. ஆதலின் ஜீப்பின் செலவு குடும்பத்தின் செலவே ஆகும்.

நம் முன்னோர் இம்மலைக்குக் கால்நடையாகவே ஏறி வந்தனர். மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கிய காலம் அது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயிலையும் 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்துவிட்டது. 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டிலேயே பொருத்தத் தொடங்கினர். பின்னர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டு செல்வதும், நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பதும், மழையில் அரிசி மூட்டையை மேட்டுக்கு ஏற்றுவதும் அவ்வண்டியின் வேலையாயின. இன்று சுற்றுலா வருவோரை மலையுச்சிக்கு அழைத்துச் செல்வதும் அதனோடு சேர்ந்துவிட்டது.

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்தபின், சூரியநெல்லிப் பக்கத்துத் தாயார் ஒருவர் தம் மகனுடன் நம்மிடம் வந்தார். கணவர் இருபது ஆண்டுகளாக ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்றவர். முழங்கால் வலியினால் இப்போது வண்டியை மகனிடம் விட்டுவிட்டார். மகன் அதனைக் கொழுக்குமலைக்கு ஓட்டுகிறார். கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், வண்டி ஏறும் வழி சூரியநெல்லியிலிருந்துதான். ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக்குக் கல்லும் குழியுமாய்ச் செல்லும் பாதை அது.

"அண்ணா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள். வண்டியை நான்கு அங்குலம் உயர்த்த வேண்டுமாம். 45,000 ரூபாய் கேட்கிறார்கள். கையில் இருப்பது பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணம் ஒன்றுதான்" என்றார் அத்தாயார்.

மகன் பொறுப்பற்ற பிள்ளை அல்லர். "உயர்த்திய வண்டிகளைத்தான் பயணிகள் தேடி ஏறுகிறார்கள், ஐயா. என் வண்டியின் அடி கல்லில் இடிக்கிறது. ஒருநாள் நடுவழியில் நின்றுவிட்டால் அன்றைய வருமானமும் போகும், பெயரும் போகும்" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் பொள்ளாச்சியில் நெடுங்காலம் கமான் பட்டறை நடத்தி ஓய்வு பெற்றவர். அடுத்த ஞாயிறன்று அவரை அழைத்துக்கொண்டு சூரியநெல்லிக்குச் சென்றோம். அன்று கண்டவற்றையும் கேட்டவற்றையும், ஜீப் வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தருகிறோம்.

பெரியவர் முதலில் விலையைக் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிறகு தம்பியையும் படுக்கச் சொல்லி, "கல் எங்கே தொட்டிருக்கிறது, பார்" என்றார். பின்னச்சின் நடுவே பூசணிக்காய் போலத் தொங்கும் டிஃபரன்ஷியல் கூட்டில்தான் கீறல்கள் மிகுதி. உடனே பெரியவர், "கல் தொட்ட இடத்தை முதலில் பார், தம்பி, பிறகு காசைத் தொடு" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். கமான் பட்டையை உயர்த்தினால் சட்டமும் உடலும் உயரும், அச்சு உயராது. அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. ஆதலின் டிஃபரன்ஷியல் கூட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, நான்கு அங்குலம் உயர்த்தினாலும் முன்பிருந்ததே. அதனைக் கூட்ட வல்லது பெரிய டயர் ஒன்றே. டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலம் உயரும். பட்டையை உயர்த்துவதனால் வரும் பயன் வேறு: செங்குத்தான மேட்டில் முன்பக்கம் முட்டாமலும், திட்டின்மேல் ஏறி இறங்குகையில் வண்டியின் நடுவயிறு தட்டாமலும் இருக்கும், பெரிய டயருக்கும் இடம் கிடைக்கும். தம்பியின் குறை இவற்றுள் எதுவும் அன்று. 45,000 ரூபாய் செலவழித்தபின்னும் அதே கூடு அதே கல்லில் இடித்திருக்கும்.

அதற்குச் செலவில்லாத மருந்து ஒன்றையும் பெரியவர் கூறினார். பெருங்கல் எதிர்ப்பட்டால் அதனை இரு சக்கரங்களுக்கு நடுவே விட்டு ஓட்டுவது பலர் வழக்கம். அவ்வாறன்றி ஒரு பக்கச் சக்கரத்தையே மெதுவாகக் கல்லின்மேல் ஏற்றினால், அச்சும் கூடவே உயர்ந்து கூடு தப்பும்.

அடுத்து அளவு நாடாவை எடுத்தார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தார். இடப்பக்கப் பின்புறம் வலப்பக்கத்தைவிட ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் அதே வகையைச் சேர்ந்த, பட்டை மாற்றிய வண்டி ஒன்று நின்றது. அதனோடு ஒப்பிட, இவ்வண்டியின் பின்பக்கம் முழுவதுமே இறங்கியிருந்தது தெரிந்தது. இருபது ஆண்டுச் சுமையில் பட்டைகள் வளைவு இழந்துவிட்டன. ஒரு பட்டை முறிந்தும் இருந்தது. ஷாக்கிள் புஷ்கள் தேய்ந்திருந்தன. ஷாக் அப்சார்பர் நான்கில் இரண்டில் எண்ணெய் கசிந்திருந்தது.

"புது உயரம் வாங்குமுன் இழந்த உயரத்தை மீட்டுக்கொள். அதுதான் மலிவான உயரம்" என்றார் பெரியவர். இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்ததும் இதுவே.

எனினும் உயர்த்தியே ஆகவேண்டிய தேவை சிலருக்கு இருக்கலாம். அவர்கள் விலைப்பட்டியலை மட்டும் கண்டு மயங்காதிருக்கச் சிலவற்றை அறிதல் நலம்.

பழைய ஜீப்புகளில் முன்னும் பின்னும் கமான் பட்டையே. இவற்றை உயர்த்த வழிகள் பல. ஒன்று, இருக்கும் கட்டில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது. செலவு குறைவு, ஆனால் கட்டு விறைத்து, வெறும் வண்டியில் முதுகெலும்பை உலுக்கும். இரண்டு, நீண்ட ஷாக்கிள் போடுவது. 2 அங்குலம் நீளமான ஷாக்கிள் வண்டியை 1 அங்குலமே உயர்த்தும். முன்பக்கத்தில் போட்டால் சக்கரத்தின் சாய்கோணம் மாறி, ஸ்டியரிங் ஒரு நிலையில் நில்லாது அலையக்கூடும். மூன்று, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது. முன்னச்சில் இதனைச் செய்யவே கூடாது. பிரேக் பிடிக்கையில் கட்டை நழுவினால் வண்டி கையில் நில்லாது. நான்கு, வளைவு மிகுந்த புதுப் பட்டைக் கட்டுகளையே வாங்குவது. விலை கூடுதல், ஆயினும் இவற்றுள் முறையானது இதுவே.

பழைய பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தருவோரும் உண்டு. முறைப்படி பதமேற்றாமல் காய்ச்சிய எஃகு தன் உரத்தை இழக்கும். சில மாதங்களில் மீண்டும் தாழும், அல்லது முறியும்.

2010-இல் வந்த தார் வண்டியின் சில வகைகளில் முன்பக்கத்தில் பட்டை இல்லை; முறுக்குக் கம்பி உண்டு. அதன் திருகை இறுக்கினால் முன்பக்கம் உயரும். செலவில்லையே என்று மிகுதியாக இறுக்கினால் சக்கரம் கீழே தொங்க இடமின்றிப் பால் ஜாயிண்டுகள் விரைவில் தேயும். 2020-இல் வந்த தாரில் நான்கு பக்கமும் சுருள் வில். சுருளின் தலையில் வளையம் வைத்து உயர்த்தும் மலிவான கிட்டுகள் இதற்குண்டு. அளவு மிகுந்தால் முன்சக்கரத்துக்கு விசை கொண்டு செல்லும் தண்டுகளின் கோணம் கெடும்.

எவ்வகைக் கிட்டாயினும் பட்டையின் விலை மட்டும் அதன் விலை ஆகாது. உயரம் கூடினால் ஷாக் அப்சார்பர் நீளமானதாக வேண்டும். பிரேக் ஹோஸ் நீளம் போதாவிடில் சக்கரம் தொங்கும்போது இழுபட்டு அறும். யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடவேண்டும். 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கவேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தையும் சக்கர நேர்த்தியையும் சரிபார்க்கவேண்டும். இத்தனையும் சேர்த்து விலை கூறும் கடைக்காரரே உண்மையான விலையைக் கூறுகிறார். வெறும் வண்டிக்கென்று செய்த பட்டை, ஆட்களை ஏற்றும் வண்டிக்கு ஆகாது, "எத்தனை எடைக்கு ஏற்றது?" என்று கேட்காமல் வாங்கற்க.

இனி, உயிரைப் பற்றிய கணக்கு ஒன்று. ஒரு ஜீப்பின் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 48 அங்குலம் என்றும், ஆட்களோடு கூடிய அவ்வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 30 அங்குல உயரத்தில் உள்ளதென்றும் கொள்வோம். அது நின்ற நிலையில் ஏறத்தாழ 39 பாகைச் சாய்வு வரை கவிழாது. வண்டியை 4 அங்குலம் உயர்த்தினால், அச்சும் சக்கரமும் உயராமையால், மையம் 3 அங்குலம் ஏறும் என்க. அப்போது 36 பாகையிலேயே கவிழும். வளைவில் ஓடும்போது அதற்கும் முன்னரே ஆபத்து. மூன்று பாகைதானே என்று எண்ணலாகாது. மழையில் ஓரம் சரிந்த பாதையில், பின்னே பத்துப்பேர் ஒரு பக்கம் சாயும்போது அந்த மூன்று பாகையில்தான் உயிர் இருக்கிறது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப் கவிழ்ந்த செய்தியைக் கேளாத ஏலமலைக் குடும்பம் இல்லை. உயர்த்திய வண்டியில் ஆளைக் கூட்டுவது இரட்டைப் பிழை.

சட்டத்தையும் அறிந்துகொள்ளல் வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் நாள் இதனை உறுதி செய்தது. அவ்வாண்டு வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் வினா எழுப்பவும் இடமுண்டு. ஆகவே கூலிக்கு ஆள் ஏற்றும் வண்டியை உயர்த்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிக. "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது விடை ஆகாது. தயாரிப்பாளரின் அளவுப்படி புதுப் பட்டையும் புது ஷாக் அப்சார்பரும் போடுவதற்கோ எந்தத் தடையும் இல்லை.

சூரியநெல்லித் தம்பி இறுதியில் என்ன செய்தார் என்று அறிய விரும்புவீர்கள். முறிந்ததும் வளைவிழந்ததுமான பின்பட்டைகளை மாற்றினார். புஷ்களையும் யூ போல்ட்டுகளையும் புதிதாக்கினார். ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றினார். மொத்தம் 14,000 ரூபாய் ஆயிற்று; அதனையும் இரண்டு தவணையாகத் தந்தார். பின்பக்கம் ஒன்றரை அங்குலம் உயர்ந்து, இரு பக்கமும் சமமாயிற்று. தங்கையின் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது.

"உயர்ந்த வண்டி வேண்டுமென்று சிலர் வேறு ஜீப்புக்குப் போகிறார்கள்தான், ஐயா. ஆனால் என் வண்டியில் வந்த அம்மையார் ஒருவர், இறங்கும்போது முதுகு வலிக்கவில்லை என்று சொல்லி என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்" என்று அவர் பிறகு நம்மிடம் கூறினார். இழந்த சவாரிகளும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை, நாமும் மறைக்கவில்லை.

அன்பர்களே, வண்டிக்குப் பணம் செலவழிக்குமுன் மூன்றைச் செய்யுங்கள்: கல் தொட்ட இடத்தைப் பாருங்கள், நான்கு சக்கரத்தின் உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள், வீட்டில் அந்தப் பணத்தை எதிர்பார்த்திருப்பவர் யார் என்று எண்ணுங்கள். அதன்பின்னும் உயர்த்தத்தான் வேண்டும் என்று தோன்றினால், அளவோடு உயர்த்துங்கள், முழுமையாக வாங்குங்கள், அலுவலகத்தின் இசைவோடு செய்யுங்கள்.

நெல்லியாம்பதியிலிருந்து மாம்பாறைக்கு ஜீப் ஓட்டும் நம்மவர்கள் தங்கள் அனுபவத்தைச் சங்க முகவரிக்கு எழுதினால், அடுத்த இதழில் மகிழ்ந்து வெளியிடுவோம்.