கீறல் சொன்ன பெயர்
சென்ற வாரம் இணையத்தில் ‘சகுந்தலை’ படப்பாட்டு ஒன்றைக் கேட்டேன். எம்.எஸ். குரல் மேலே ஏறும் இடத்தில் ஊசி ஒருமுறை துள்ளி விழுந்தது. அந்தத் துள்ளல் எனக்குப் பழக்கம். என் நண்பரின் இசைத்தட்டில் இருக்கும் கீறல் அது. பழைய சாமான் கடையில் வாங்கி, பஞ்சால் துடைத்து, ஊசியை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து அவர் கணினியில் ஏற்றிய பதிவு. இப்போது அதன்மேல் வேறு யாருடைய முத்திரையோ இருக்கிறது. படம் வந்தது 1940-இல். நம் சட்டத்தில் படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் 60 ஆண்டுதான் காப்புரிமை, அது எப்போதோ முடிந்துவிட்டது. (1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் வரிகளுக்கு மட்டும் 2033 முடியும்வரை உரிமை உண்டு, பலர் இதை நினைப்பதே இல்லை.) பகிரவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 1931-இல் வந்த ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. யாராவது ஒருவர் எடுத்து வைத்திருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். நண்பர் காசு கேட்கவில்லை. பாட்டை எடுத்துப் போடுகிறவர்கள், அதைத் தேடிக் காப்பாற்றியவரின் பெயரையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.