திருட்டு இஞ்சினுக்கு எங்கள் கரையில் விலையில்லை



விடியப்புறம் ஐந்து மணிக்கு இதை எழுதுகிறேன். கரையிலிருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கையில் இன்னும் மண்ணெண்ணெய் மணம். எங்கள் துறையில் கட்டியிருந்த ஒரு தம்பியின் படகில் இஞ்சின் இல்லை.

டோர்ச் அடித்துப் பார்த்தோம். பின்பலகையில் இஞ்சினின் இரண்டு திருகும் அழுத்திப் பிடித்திருந்த இடத்தில் இரண்டு வட்டத் தழும்பு. அதன்மேல் புதிதாக ஒரு கீறல். எண்ணெய்க் குழாயைக் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டியிருந்தார்கள். வெட்டுவாய் காயவில்லை. சங்கிலி போட்டிருந்தான்தான், சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. உப்புக்காற்றில் துருவேறிப்போன சின்னப் பூட்டைத்தான் கம்பி விட்டு முறுக்கி உடைத்திருந்தார்கள். தம்பி அழவில்லை. அந்தப் பலகையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். இஞ்சின் வாங்க அடகு வைத்த மனைவியின் தாலிக்கொடி இன்னும் மீளவில்லை. இஞ்சின் போய்விட்டது, வட்டி ஓடுகிறது.

இது முதல் களவு இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் நாங்கள் என்ன செய்தோம்? கரையில் கூடினோம். உச்சுக்கொட்டினோம். “பூட்டை வடிவாய்ப் போட்டிருக்கலாம்” என்று பறிகொடுத்தவனுக்கே புத்தி சொன்னோம். வெயில் ஏறக் கலைந்து போனோம். இந்த முறை கலையக்கூடாது. அதற்காகத்தான் இந்த அழைப்பு.

எங்களுக்குப் படகு என்பது வெறும் வாகனம் இல்லை, வீடும்தான். அதில்தான் இரவு கழிகிறது, அதில்தான் சோறு தின்கிறோம், வலை விட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அணியத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணயர்கிறோம். இஞ்சின் போனால் அந்த வீடு கரையேறி நின்றுவிடும். இந்தக் கடலில் இஞ்சினுக்காக நாங்கள் பட்ட பாட்டை இளையவர்கள் ஒருக்கால் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1990 ஓகஸ்ட் இராணுவ நடவடிக்கையில் எங்கள் யாழ்ப்பாணத் தீவுகளை விட்டு ஓடியபோது படகையும் வலையையும் போட்டது போட்டபடி விட்டுப் போனோம். போர்க்காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ், போகும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, இஞ்சின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு. அதெல்லாம் தளர்ந்து மூச்சு விட்டோம். பிறகு 2022 வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் மாதக்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஒரே இரவில் 340 ரூபாவானது. டொலர் ஏற ஏறப் புது இஞ்சின் விலையும் உதிரிப்பாக விலையும் எட்டாத உயரத்துக்குப் போயின. புதிது வாங்க முடியாதவன் பழையதைத் தேடினான். பழையதைத் தேடும் சந்தையில் யாரும் நம்பர் கேட்பதில்லை. கள்ளனுக்கு வாசல் திறந்தது அங்கேதான்.

எங்கள் வலையை அறுக்கும் இழுவைப் படகுகளுக்கு எதிராக எத்தனை தடவை வீதிக்கு இறங்கினோம்! அடிமட்ட இழுவையைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது என்றால், அதற்குப் பின்னால் வடக்குக் கடற்றொழிலாளரின் குரல் இருந்தது. கடலில் நடக்கும் கொள்ளைக்கு அவ்வளவு குரல் கொடுத்த நாங்கள், காலடியில் நடக்கும் களவுக்கு ஏன் வாய் திறக்காமல் இருக்கிறோம்? சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். களவு போன இஞ்சினை வாங்குகிறவனும் எங்களுக்குள்தான் இருக்கிறான். அவனும் கடலுக்குப் போகிறவன்தான். இஞ்சினுக்குக் கடற்கரையைத் தவிர வேறெங்கே வாடிக்கையாளர் இருக்கப் போகிறார்?

களவைத் தடுப்பது எப்படி என்று ஐரோப்பாவில் இருக்கிற எங்கள் சொந்தங்களைக் கேட்டால் வீட்டு வண்டிகளைப் பற்றிச் சொல்வார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கிற பெரிய வண்டி. விடுமுறைக்கு அதையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அதைக் களவிலிருந்து காக்க ஸ்டியரிங்குக்குக் குறுக்கே ஒரு தடி, சக்கரத்துக்கு ஒரு பூட்டு, எங்கோ ஒளித்து வைத்த ஜிபிஎஸ் கருவி என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு வைப்பார்கள். எந்தப் பூட்டும் கள்ளனைத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இரண்டு மூன்று தாமதம் சேர்ந்தால் வேறு இடம் பார்ப்பான். எங்கள் கரையில் அந்த வேறு இடம் எது? பக்கத்துப் படகு! நான் நல்ல பூட்டுப் போட்டால் உங்கள் இஞ்சின் போகும்; நீங்கள் போட்டால் என்னுடையது போகும். இதனால்தான் ‘அவனவன் சாமானை அவனவன் பார்க்கட்டும்’ என்ற பேச்சு எங்களுக்குச் சரிவராது.

பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கே போடுங்கள். பதினைந்து குதிரைவலு இஞ்சின் ஏறத்தாழ நாற்பது கிலோ. இரண்டு திருகையும் கையால் கழற்றினால் ஒருவன் தோளில் தூக்கிப் போய்விடுவான். அந்தத் திருகுகளின் கைப்பிடிகளை ஒரே கோட்டில் நிறுத்துங்கள். நீளவாக்கில் பிளந்த, துருப்பிடிக்காத தடித்த இரும்புக் குழாயை இரண்டின்மேலும் சொருகி, முனையில் பூட்டுங்கள். கைப்பிடி சுழலாவிட்டால் திருகு கழலாது. எந்த வெல்டிங் கடையிலும் இதைச் செய்விக்கலாம். எங்கள் கடற்றொழிலாளர் சங்கம் மொத்தமாகச் செய்வித்தால் இன்னும் மலிவு. போல்ட்டில் பூட்டிய பெரிய இஞ்சின் என்றால், ஒரு போல்ட்டுக்காவது சாதாரண ஸ்பானருக்கு மசியாத நட்டைப் போடுங்கள். பூட்டு பித்தளையாக இருக்கட்டும். கிழமைக்கு ஒரு தடவை இரண்டு துளி ஒயில் விடுங்கள். கரைக்கு வந்ததும் எண்ணெய்க் குழாயையும், இஞ்சினை நிறுத்தும் கயிற்றுச் சாவியையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.  

இதெல்லாம் ஒரு மணி நேரத்து வேலை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இனிச் சொல்லப் போவது.

ஒவ்வொரு இஞ்சினுக்கும் நம்பர் இருக்கிறது. படகைப் பிடிக்கும் கவ்வியில் ஒரு சின்னத் தகட்டில் அது இருக்கும். தகட்டைக் கிள்ளி எறிவது கள்ளனுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் பல இஞ்சின்களில் மேல் மூடியைக் கழற்றினால், உள்ளே இஞ்சின் உடலிலுள்ள சிறு வட்டத் தகட்டிலும் அதே நம்பர் அடித்திருக்கும். இன்றைக்கே மூடியைக் கழற்றிப் பாருங்கள். போனில் படம் எடுங்கள். படகின் பதிவு நம்பரை இஞ்சின் மூடியின் இரண்டு பக்கமும் பெரிதாக எழுதுங்கள். சங்கத்துக்கென்று ஒரு குறியை முடிவு செய்து, இரும்பு எழுத்தச்சால் மூன்று இடத்தில் அடிப்போம்: ஒன்று வெளியே தெரியட்டும், ஒன்று மூடிக்குள், ஒன்று தண்ணீருக்குள் இறங்கும் காலில். மூன்றையும் அராவி எடுத்தால், அராவிய இடமே காட்டிக்கொடுக்கும். எங்களில் எத்தனை பேருக்குத் தன் இஞ்சின் நம்பர் தெரியும்? இன்று அந்தத் தம்பிக்குத் தெரியவில்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது “நீல நிறம், பதினைந்து குதிரைவலு” என்று மட்டும்தான் சொல்ல முடியும். நாளைக்கு அந்த இஞ்சினை யாராவது பிடித்தாலும் அது அவனுடையதுதான் என்று எதை வைத்து நிரூபிப்பான்?

சங்கத்தில் ஒரு பதிவேடு வேண்டும். இஞ்சின் நம்பர், படகு நம்பர், வாங்கிய நாள், வாங்கிய ரசீதின் பிரதி எல்லாம் அதில் இருக்கட்டும். பழைய இஞ்சின் கைமாறினால் விற்கிறவரும் வாங்குகிறவரும் சங்கத்துக்கு வந்து ஒப்பமிட வேண்டும். ஒப்பமில்லாத இஞ்சினைக் கரையில் இறக்க விடக்கூடாது. இஞ்சின் திருத்தும் மெக்கானிக் தம்பிமாரே, உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: திருத்த வருகிற ஒவ்வொரு இஞ்சினின் நம்பரையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். நம்பர் அராவிய இஞ்சினைத் தொடாதீர்கள். களவுப்பொருள் என்று தெரிந்தும் வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அதைச் சங்கச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம். பாதி விலைக்கு யாராவது இஞ்சின் கொண்டு வந்தால், மறுபாதியைக் கட்டியவன் பெண்சாதியின் தாலிக்கொடி எந்த அடகுக்கடையில் கிடக்கிறது என்று ஒருக்கால் யோசியுங்கள்.

எங்கள் நிலத்தின் அமைப்பு எங்கள் பக்கம்தான் நிற்கிறது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கத்திலிருந்து ஒரு சாமான் தரைவழியாகக் குடாநாட்டுக்குப் போக வேண்டுமானால் பண்ணைத் தாம்போதியைத் தாண்ட வேண்டும், அல்லது ஊர்காவற்றுறையில் மிதவைப் பாதையில் ஏறிக் காரைநகர் போய்ப் பொன்னாலை வழியாக வெளியே வர வேண்டும். நெடுந்தீவிலும், நயினாதீவிலும், அனலைதீவிலும், எழுவைதீவிலும் களவு போன இஞ்சின் கடல்வழியாகத்தான் வர முடியும். அது இன்னொரு கரையில் இறங்கியே ஆக வேண்டும். அந்தக் கரையிலும் எங்கள் ஆள் ஒருவர் இருப்பார். அவருக்கு நம்பர் தெரிந்திருந்தால் போதும். நெடுந்தீவில் இரவு இரண்டு மணிக்குப் போன இஞ்சின் பற்றி விடிவதற்குள் மண்டைதீவு வரை தெரிந்திருக்க வேண்டும். வட்ஸ்அப் எதற்கெல்லாமோ பயன்படுகிறது. எல்லாத் தீவுச் சங்கங்களுக்கும் பொதுவாக ஒரு குழு, அதில் களவுச் செய்தியைத் தவிர வேறெதுவும் போடக்கூடாது. காலை வணக்கப் படமும் வேண்டாம்.

அடுத்தது முறைக்காவல். சுவீடனில் இந்த வெளியிணைப்பு இஞ்சின் களவு பெரிய தொல்லை. அங்குள்ள பல படகுக் கழகங்களில், துறையில் படகு கட்டுகிற ஒவ்வொருவரும் பருவத்துக்குச் சில இரவு கரையில் காவல் நிற்க வேண்டும். வராவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். பொழுதுபோக்குக்குப் படகு வைத்திருக்கிறவர்களே இப்படிச் செய்கிறார்கள் என்றால், படகு இல்லாவிட்டால் அடுப்பு எரியாத நாங்கள் செய்யக்கூடாதா? ஒரு துறையில் முப்பது படகு இருந்தால், இரவுக்கு மூன்று பேர் வீதம் பத்து நாளுக்கு ஒரு தடவைதான் ஒருவருக்கு முறை வரும். ஒரு சூரிய விளக்கு, டோர்ச், விசில், இவை போதும். விசில் கேட்டால் கோயில் மணியோ தேவாலய மணியோ அடிக்கட்டும். ஐயரோடும் பங்குத்தந்தையோடும் நான் பேசுகிறேன்.

சில இரவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போகும் இரவு, நயினை நாகபூசணி அம்மன் தேர்த்திருவிழா, நத்தார்ப் பூசை. கரை முழுக்க வெறிச்சோடும் இரவுகள் அவை. நாங்கள் எங்கே இருப்போம் என்று ஊருக்கே தெரிந்த இரவுகளில் காவல் இரட்டிப்பாக வேண்டும். குறிகட்டுவானில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு நெடுந்தீவுக்குப் போகிற ஆசிரியர்மாரும் உத்தியோகத்தர்களும் எங்களோடு சேரட்டும். அவர்களுடைய வண்டியும் நாள்முழுக்க இறங்குதுறையில் தனியாகத்தான் நிற்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிடிபட்டவனைக் கட்டி வைத்து அடிக்கக்கூடாது. 119க்கு அழையுங்கள், ஒப்படையுங்கள், இரண்டு பேர் கூடவே பொலிஸுக்குப் போய் முறைப்பாட்டில் இஞ்சின் நம்பர் ஏறும்வரை நில்லுங்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவன் என்பதற்காக யார்மேலும் பழி போடாதீர்கள். பிடிபடுகிறவன் எங்கள் ஊர்ப் பெடியனாக இருக்கலாம், போதைக்காகச் செய்திருக்கலாம். அப்படியென்றால் அவன் தாய்க்கும் எங்கள் உதவி வேண்டும். அடித்தால் அவன் வாயைத் திறக்கமாட்டான், வாங்கியவன் தப்பிவிடுவான். எனக்கு வாங்கியவன்தான் வேண்டும்.

வருகிற ஞாயிறு மாலை நாலு மணிக்குச் சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள். பூசை முடிந்து வருகிறவர்களும் வாருங்கள், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்களும் வாருங்கள். அக்காமாரே, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அடகுச் சீட்டு உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது, இஞ்சின் ரசீதும் அங்கேதான் இருக்கும். தேடி எடுத்து வாருங்கள். வெறுங்கையோடு யாரும் வரவேண்டாம், இஞ்சின் நம்பரை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

முதல் முறைக்காவல் அன்றிரவே. இரவு பத்திலிருந்து இரண்டு வரை என் முறை. என்னோடு நிற்கிறேன் என்று இஞ்சினைப் பறிகொடுத்த அந்தத் தம்பி சொல்லிவிட்டான். இரண்டிலிருந்து விடியும்வரை நிற்க இன்னும் இரண்டு பேர் வேண்டும்.