ஊஞ்சலும் லாப்லாஸும்



இப்பள்ளியிலிருந்து பொறியியல் கல்லூரிக்குச் சென்ற நாங்கள் லாப்லாஸ் உருமாற்ற அட்டவணையை உருப்போட்டோம், நேர்மாறு கண்டோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால், ‘இந்த விடை எதைச் சொல்கிறது?’ என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டபோது தலைகுனிந்து நின்றோம். யார் குற்றம்? கணக்கைக் கையால் மட்டும் செய்யப் பழக்கிய முறையின் குற்றம் என்பதே எங்கள் கருத்து.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களை அறியாதார் இரணியலில் உண்டோ? கல்லை மெல்லத் தட்டினால் ஒலி எழுந்து, தேய்ந்து, அடங்கும். தட்டியது கணநேரம்தான், பின்னர் ஒலிப்பது கல்லின் சொந்த இயல்பு. இதுவே கணத்தாக்குத் துலங்கல். (தூண்களைத் தட்டிப் பார்க்க வேண்டாம், நம் பள்ளி மணியே போதும்!)

கல்லின் அதிர்வு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஓண ஊஞ்சலுக்கு வருவோம். அசையாது தொங்கும் ஊஞ்சலைச் சட்டென ஒரு தள்ளு தள்ளுகிறோம். சமன்பாட்டை உருமாற்றினால் அந்த ஓரலகுத் தள்ளு வெறும் 1 ஆகிவிடுகிறது! எனவே துலங்கலின் உருமாற்றத்தில் மேலே 1. கீழே, சான்றாக, ‘எஸ் வர்க்கம் + 2 எஸ் + 5’. இதனை ‘(எஸ் + 1) வர்க்கம் + 2 வர்க்கம்’ என்று பிரித்தெழுதினால் அட்டவணை கைகொடுக்கும். ‘ஈ’யின் அடுக்கு மைனஸ் டி, அதனைச் சைன் 2 டி-யால் பெருக்கிப் பாதியாக்கினால் விடை.

பெரும்பாலோர் இங்கே கோடு போட்டு முடித்துவிடுவர். நாங்களும் அப்படித்தான் முடித்தோம். சைன் 2 டி என்பது, ஊஞ்சல் ஏறத்தாழ 3.14 வினாடிக்கு ஒருமுறை போய்வருவதைக் காட்டுகிறது. அடுக்குப் பகுதியோ, ஆட்டத்தின் வீச்சு ஒவ்வொரு வினாடியிலும் முன்னிருந்ததில் சுமார் 37 விழுக்காடாகச் சுருங்குவதைக் காட்டுகிறது. தரையில் காலை நன்றாக உரசிக்கொண்டு ஆடுபவள் போலும்! அந்த உரசலே ‘2 எஸ்’. அதை எடுத்துவிட்டால் ஊஞ்சல் நிற்கவே நிற்காது. மேலும், ஒரு தள்ளின் விளைவு தெரிந்தால், எத்தனை தள்ளு தள்ளினாலும் அவ்விளைவுகளைக் கூட்டியே மொத்த ஆட்டத்தையும் சொல்லிவிடலாம்.

ஆலிவர் ஹெவிசைடு (1850–1925) 16 வயதில் பள்ளியை விட்டவர், தந்திப் பணியாளர். மின்சுற்றுகளுக்கு இதையொத்த குறுக்குவழியை அவர் கையாண்டபோது கணித அறிஞர்கள் முகம் சுளித்தனர். அவருக்கு அட்டவணையைவிடக் கம்பியில் ஓடும் மின்சாரம்தான் பழக்கம்.

வினாத்தாள் அமைப்போரிடம் நாங்கள் கேட்பது பெரிதன்று. பத்து மதிப்பெண் கணக்கில் இரண்டை, விடையை வரைபடமாக வரைந்து ‘இது எப்போது அடங்கும்?’ என்று சொல்வதற்கு ஒதுக்குங்கள்.