பேத்தையாருக்கு ரூம்மேட் தேவையா?

ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்டை எரியவிடுற பார்ட்டியையும், ஒன்பது மணிக்கே போர்வையை இழுத்துப் போர்த்துற பார்ட்டியையும் ஒரே ரூம்ல போட்டா என்ன ஆகும்? ஒரே வாரத்துல வார்டன் வாசல்ல பஞ்சாயத்து! நமக்கு வாய் இருக்கு, புகார் சொல்லிடுவோம். மீன் தொட்டியில மாட்டிக்கிட்ட ஜீவன் யார்கிட்ட போய்ச் சொல்லும்?

இந்த வார கெஸ்ட், பஃபர் மீன். நம்ம கடலோர ஊர்கள்ல 'பேத்தை'னு சொல்வாங்களே, பயந்தா பலூன் மாதிரி உப்பிக்குமே... அந்தக் குடும்பம்தான். தொட்டிக்கு வர்றதுல ரொம்பப் பிரபலம், 'பட்டாணி பஃபர்'. முழுசா வளர்ந்தாலும் சுமார் ரெண்டரை சென்டிமீட்டர்தான்! சொந்த ஊர் பக்கத்து கேரளா. பம்பை மாதிரியான ஆறுகள். 1941-ல் ஹோரா, நாயர்னு ரெண்டு விஞ்ஞானிகள் இதுக்கு அறிவியல் பெயர் வெச்சப்போ, திருவிதாங்கூரையும் அந்தப் பெயர்ல சேர்த்துட்டாங்க.

தனித்தனியா உருளுற கண்கள், ஹெலிகாப்டர் மாதிரி நின்ன இடத்துலேயே மிதக்கிற ஸ்டைல்... பார்த்ததும் நீங்க ஃபிளாட்! கூடவே நாலு கப்பி, ஒரு ஃபைட்டர் வாங்கிப் போட்டா தொட்டி களைகட்டுமேனு கை பரபரக்கும். அங்கேதான் பிரேக் போடணும் பாஸ்!

பஃபரோட பற்கள் சேர்ந்து, கிளி மூக்கு மாதிரி இருக்கும். நத்தை ஓட்டையே நொறுக்குற ஆயுதம் அது. தோகை மாதிரி வாலை ஆட்டிக்கிட்டு மெதுவா நீந்துற கப்பியும் ஃபைட்டரும் ஏஞ்சலும் கண்ணுல பட்டா, நறுக்! துடுப்பு கிழிஞ்ச இடத்துல பூஞ்சை பிடிச்சா, அந்த மீனைக் காப்பாத்துறது கஷ்டம். குட்டி இறால்? அது ரூம்மேட் இல்லை, மெனு!

'சரி, கடிபடாம தப்பிக்கிற வேகமான மீனை விடுவோம்'னு தோணுதா? அங்கே பிரச்னை உல்டா. பஃபர் சாப்பாட்டைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டுத்தான் வாயை வைக்கும். அதுக்குள்ள சக ரூம்வாசிகள் தட்டைக் காலி பண்ணிடுவாங்க. ஆக, மெதுவான மீன் கடிபடும். வேகமான மீன் இதைப் பட்டினி போடும். பாசி தின்னுற ஓட்டோசிங்க்ளஸ் கூட சிலர் சமாளிக்கிறாங்க. ஆனா, அதுக்கும் கேரன்டி கிடையாது.

அப்போ என்னதான் வழி? சொந்தக்காரங்களை மட்டும் வெச்சுக்கிறதுதான் பெஸ்ட். ஒரு ஆணுக்கு ரெண்டு, மூணு பெண். தொட்டி நிறைய செடி. ஒண்ணு கண்ணுல ஒண்ணு படாம ஒதுங்க இடம் இருந்தா, சண்டை குறையும். ஒரே ஒரு மீனா இருந்தாலும் 20 லிட்டர் தண்ணியாவது வேணும். ஊறுகாய் பாட்டில் ஐடியா எல்லாம் வேணாம் ப்ளீஸ்!

இன்னொரு அலர்ட். சென்னை கொளத்தூர் போனாலும் சரி, உங்க ஊர்க் கடைக்குப் போனாலும் சரி... 'இது எந்த பஃபர்?'ங்கிறதுதான் முதல் கேள்வியா இருக்கணும். பச்சைப் புள்ளி பஃபர் குட்டியா இருக்கும்போது அவ்வளவு க்யூட். ஆனா, 15 சென்டிமீட்டர் வரை வளரும். முகத்துவாரத்து உப்புத் தண்ணிதான் அதுக்குச் செட் ஆகும். நல்ல தண்ணியில வாழுற கோல்டு ஃபிஷ் அதுல எப்படித் தாக்குப்பிடிக்கும்? பல்லு பிரச்னைக்கு முன்னாடியே தண்ணியே கூட்டணியை உடைச்சிடும். அப்புறம், இந்தப் புள்ளிராஜா லேசுப்பட்ட ஆள் இல்லை. 2004-ல் இதோட மரபணுத் தொகுப்பைப் படிச்சு வெளியிட்டாங்க. முதுகெலும்பு உள்ள உயிரினங்கள்லயே ரொம்பச் சின்னத் தொகுப்புகள்ல இதுவும் ஒண்ணு!

கடைசியா கொஞ்சம் சீரியஸ். கடைக்கு வர்ற பட்டாணி பஃபர்கள்ல நிறைய, ஆத்துல இருந்து நேரா பிடிச்சு வந்தவை. சர்வதேச சிவப்புப் பட்டியல்ல இது ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம். செமஸ்டர் லீவுல யார் சாப்பாடு போடுவாங்கனு பதில் தெரியாம வாங்கினா, ஆத்துல ஒண்ணு குறைஞ்சதுதான் மிச்சம். 'உப்புறதைப் பார்க்கலாம்'னு விரட்டுறதும் வேணாம். அது உயிர் பயம், உங்களுக்கு ஷோ இல்லை.

தொட்டி காலியா இருக்கேனு ஃபீல் பண்ணாதீங்க. கொஞ்ச நாள் போனா, நீங்க ரூமுக்குள்ள வந்ததும் கண்ணாடிகிட்ட வந்து நின்னு உங்களையே முறைக்கும். இப்ப சொல்லுங்க... அந்தத் தொட்டிக்கு ரூம்மேட் யாரு?